லினக்ஸ் டிரைவரில் இன்டரப்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி மொழி தெரியும், சின்னதாக ஒரு கெர்னல் மாட்யூல் எழுதி லோட் செய்தாயிற்று, இப்போது நிஜமான ஒரு டிவைஸுக்கு டிரைவர் எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். லினக்ஸை மட்டுமே வைத்துப் பேசுகிறேன். இன்டரப்ட் என்பது, "என்னைக் கவனி" என்று டிவைஸ் சிபியூவுக்குக் கொடுக்கும் சிக்னல். டிரைவர் கோடில் நான் படித்துப் பார்த்த இன்டரப்ட் பிழைகளில் பெரும்பாலானவை வரிசைப் பிழைகள். எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பது மாறிப்போனதால் வந்தவை. அதனால் கீழே திரும்பத் திரும்ப வரிசையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

டிவைஸை அவ்வப்போது நாமே கேட்டுப் பார்த்தால் போதாதா? இன்டரப்ட் எதற்கு?

சில இடங்களில் போதும். ஒரு சென்சாரை நொடிக்கு ஒரு முறை படிக்க வேண்டும் என்றால் டைமர் வைத்துப் படித்துவிட்டுப் போகலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் எப்போது வரும் என்று தெரியாத, வந்தவுடன் கவனிக்க வேண்டிய விஷயங்களுக்கு இப்படி நாமே போய்க் கேட்பது, அதாவது போலிங், ஒத்துவராது. அடிக்கடி கேட்டால் சிபியூ வீணாகும், எப்போதாவது கேட்டால் தாமதமாகும். இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு: இன்டரப்ட்கள் மழையாகக் கொட்டும்போது போலிங்தான் மலிவு. அதை நெட்வொர்க் கேள்வியில் பார்ப்போம்.

டிவைஸ் சிக்னல் கொடுப்பதற்கும் என் ஃபங்ஷன் ஓடுவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது?

டிவைஸ் நேரடியாக சிபியூவைத் தொடுவதில்லை, நடுவில் ஒரு இன்டரப்ட் கன்ட்ரோலர் உட்கார்ந்திருக்கிறது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் அது 8259 என்ற சிப், 8 லைன்கள். 1984-இன் பிசி ஏடி மாடலில் அதே மாதிரி இரண்டு சிப்களைக் கோத்தார்கள், கோக்கவே ஒரு லைன் போய்விட்டதால் மிஞ்சியது 15. இன்றைய எக்ஸ்86 கணினியில் ஒவ்வொரு சிபியூவுக்கும் ஒரு லோக்கல் ஏபிஐசி இருக்கிறது. ஆர்ம் சிப்களில் ஜிஐசி.

கன்ட்ரோலர் தட்டியதும் சிபியூ செய்துகொண்டிருந்ததை அப்படியே நிறுத்தி, கெர்னலின் நுழைவு கோடுக்குத் தாவுகிறது. எக்ஸ்86-இல் 256 வெக்டர்கள் உண்டு, முதல் 32 எக்ஸெப்ஷன்களுக்கு ஒதுக்கப்பட்டவை, மற்றவற்றில் ஒன்று உங்களுடையது. கெர்னல் அந்த எண்ணை வைத்துத் தன் டேபிளில் தேடி, அது லெவலா எட்ஜா (வித்தியாசம் கீழே) என்பதற்கேற்ற பொதுக் கோடை ஓட்டி, கன்ட்ரோலருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி, இடையில் உங்கள் ஃபங்ஷனை, அதாவது ஹேண்ட்லரை, கூப்பிடுகிறது.

இதில் நீங்கள் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: கன்ட்ரோலரைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும், டிவைஸை நீங்கள்தான் பார்க்க வேண்டும். டிவைஸின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் நிற்கும் பிட்டை உங்களைத் தவிர வேறு யாரும் அழிக்கப்போவதில்லை.

ஐஆர்க்யூ நம்பரை எங்கிருந்து எடுப்பது? டேட்டாஷீட்டில் 29 என்று இருக்கிறது, அதையே கொடுத்தால்?

கொடுக்கவே கூடாது. லினக்ஸ் தரும் ஐஆர்க்யூ நம்பர், அதாவது இன்டரப்ட்டின் எண், வெறும் ஒரு கைப்பிடி, ஹார்ட்வேர் நம்பரோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இருக்க வேண்டியதில்லை. ஆர்ம் போர்டில் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன ஹார்ட்வேர் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரப் பட்டியல்) 0, 29, 4 என்று மூன்று எண்கள் எழுதியிருப்பார்கள். 0 என்றால் பொதுவான வெளி இன்டரப்ட், அவை ஜிஐசியில் 32-இலிருந்து தொடங்குவதால் 29 என்பது உண்மையில் 61, கடைசி 4 என்றால் லெவல் ஹை. இதையெல்லாம் கெர்னல் மொழிபெயர்த்து வேறொரு நம்பரைத் தரும். பிளாட்ஃபார்ம் டிரைவரில் பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூவைக் கேளுங்கள், பிசிஐ என்றால் பிசிஐ_அலாக்_ஐஆர்க்யூ_வெக்டர்ஸ் அழைத்துவிட்டு பிசிஐ_ஐஆர்க்யூ_வெக்டரைக் கேளுங்கள். பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ நெகடிவ் எண்ணைத் திருப்பினால் அந்த எண்ணையே ப்ரோபிலிருந்து (டிவைஸ் கிடைத்ததும் கெர்னல் அழைக்கும் உங்கள் டிரைவர் ஃபங்ஷன்) மேலே திருப்பி அனுப்புங்கள். உங்கள் இன்டரப்ட் கன்ட்ரோலரின் டிரைவர் இன்னும் லோட் ஆகவில்லை, அப்புறம் வா என்று அர்த்தமாக இருக்கலாம். அதை நீங்கள் வேறு எரர் எண்ணாக மாற்றிவிட்டால் கெர்னல் மறுபடி முயலாது.

ப்ரோபில் ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூவை எந்த இடத்தில் அழைப்பது?

ஹேண்ட்லரைக் கெர்னலிடம் பதிவு செய்யும் அழைப்பு அது. ஹேண்ட்லர் தொடும் எல்லாம் தயாரான பிறகு, டிவைஸில் இன்டரப்ட்டைத் திறப்பதற்கு முன்பு அழையுங்கள். முதலில் டிவைஸை ரீசெட் செய்து அதன் இன்டரப்ட்களை மூடுங்கள், பிறகு லாக், வெயிட் க்யூ, பஃபர் எல்லாவற்றையும் தயார் செய்யுங்கள், அப்புறம் ரெக்வெஸ்ட், கடைசியாக டிவைஸின் இன்டரப்ட் எனேபிள் ரெஜிஸ்டர்.

ரீசெட்டை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், பூட்லோடர் அந்த டிவைஸைப் பயன்படுத்திவிட்டு இன்டரப்ட்டை நிலுவையிலேயே விட்டுப் போயிருக்கலாம். ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூ திரும்புவதற்கு முன்பே உங்கள் ஹேண்ட்லர் ஓடிவிடும். "ரெக்வெஸ்ட் திரும்பிய பிறகு ஸ்பின்லாக்கை இனிஷியலைஸ் செய்துகொள்ளலாம்" என்று எழுதிய கோட் டெவலப்பர் மேசையில் மாதக்கணக்கில் ஓடும், வாடிக்கையாளரிடம் போன அன்று விழும். லைன் பகிரப்பட்டது என்றால் இன்னும் மோசம், பக்கத்து டிவைஸின் இன்டரப்ட்டே உங்கள் ஹேண்ட்லரைக் கூப்பிடும்.

ஹேண்ட்லருக்குள் சரியாக என்ன செய்ய வேண்டும்?

ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிப்பது முதல் வேலை. அதில் உங்களுக்கான பிட் எதுவும் இல்லையா, "என்னுடையது இல்லை" என்று பொருள்படும் ஐஆர்க்யூ_நன் திருப்பிவிட்டு வெளியே வாருங்கள். எல்லா பிட்டும் 1 என்றே வந்தால் அனேகமாக டிவைஸ் பஸ்ஸில் இல்லை (யாரோ பிடுங்கியிருக்கலாம், பவர் போயிருக்கலாம்), அப்போதும் ஐஆர்க்யூ_நன்தான். எல்லா நிகழ்வும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது என்று நம்பி வேலையைத் தொடங்கிவிடாதீர்கள்.

உங்களுடையதுதான் என்றால், நீங்கள் பார்த்த பிட்களை மட்டும் ஸ்டேட்டஸில் எழுதி அழியுங்கள். பெரும்பாலான டிவைஸ்களில் அந்த பிட்டில் 1 எழுதினால் அது அழியும். இங்கே இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, மொத்த ரெஜிஸ்டரையும் துடைத்துவிடாதீர்கள், நீங்கள் படித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் புதிதாக ஒரு பிட் வந்திருந்தால் அதை யாருமே பார்க்காமல் அழித்துவிடுவீர்கள். இரண்டு, முதலில் அழித்துவிட்டு அப்புறம் டேட்டாவை எடுங்கள். டேட்டாவைக் காலி செய்துவிட்டுக் கடைசியில் பிட்டை அழித்தால், நடுவில் வந்த அடுத்த டேட்டாவுக்கான பிட்டும் சேர்ந்தே போகும், டேட்டா உள்ளே கிடக்கும், இன்டரப்ட் வராது. முதலில் அழித்தால் அதிகபட்சம் ஒரு வெற்று இன்டரப்ட் வரும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆயிரத்தில் ஒரு முறை டிவைஸ் தொங்கிவிடுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்த இடத்தைத்தான். ரெஜிஸ்டரைப் படித்தாலே அழியும் டிவைஸ்களும் உண்டு, டேட்டாஷீட்டில் அந்த வரியைத் தேடிப் படிக்காமல் எழுத ஆரம்பிக்க வேண்டாம்.

பிசிஐயில் இன்னொன்று: நீங்கள் எழுதுவது உடனே டிவைஸுக்குப் போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை, வழியில் பஃபரில் நிற்கலாம். ஹேண்ட்லர் முடிந்த பிறகும் டிவைஸ் லைனைப் பிடித்திருந்தால் மறுபடி ஒரு முறை கூப்பிடப்படுவீர்கள், போய்ப் பார்த்தால் ஸ்டேட்டஸ் காலி. அழித்த பிறகு அதே டிவைஸிலிருந்து எதையாவது ஒரு முறை படித்தால், முன்பு எழுதியது கண்டிப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தப் படிப்புக்கு ஒரு விலை உண்டு, அதனால் தேவைப்படும் இடத்தில் மட்டும்.

ஹேண்ட்லருக்குள் ஏன் தூங்கக்கூடாது என்கிறார்கள்?

தூங்குவது என்றால் எதற்காவது காத்திருந்து சிபியூவை விட்டுக்கொடுப்பது. ஹேண்ட்லருக்கென்று சொந்தமாக ஒரு ப்ராசஸ் கிடையாது, அந்த நேரத்தில் சிபியூவில் யார் ஓடிக்கொண்டிருந்தாரோ அவர் தலைமேல் ஏறி ஓடுகிறது. அதைத் தூங்கவைத்து அப்புறம் எழுப்ப ஷெட்யூலருக்கு வழி இல்லை. 2.6.35 கெர்னலிலிருந்து எல்லா ஹேண்ட்லர்களும் அந்த சிபியூவில் இன்டரப்ட்கள் மூடிய நிலையிலேயே ஓடுகின்றன, ஆக நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு மைக்ரோ நொடியும் மற்றவர்களுடைய காத்திருப்பு.

மியூட்டெக்ஸ் எடுப்பது, ஜிஎஃப்பி_கெர்னல் கொடுத்து மெமரி கேட்பது, யூசர் மெமரியோடு காப்பி செய்வது, ஐ2சி பஸ்ஸில் பேசுவது எல்லாமே தூங்கக்கூடியவை. மெமரி வேண்டியே தீரும் என்றால் ஜிஎஃப்பி_அட்டாமிக், அது கிடைக்காமலும் போகலாம் என்பதால் அதற்கும் கோட் இருக்க வேண்டும். இந்த விதியை மீறினால் "ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்" என்று கெர்னல் தன் செய்திப் பதிவில் கத்தும். எப்போதும் கத்தாது என்பதுதான் சிக்கல், மியூட்டெக்ஸ் காலியாக இருந்தால் தூங்காமலே கிடைத்துவிடும், ஒன்றும் தெரியாது. அதனால் அட்டாமிக் ஸ்லீப் டீபக் ஆப்ஷனை ஆன் செய்த கெர்னலில்தான் டெவலப் செய்யுங்கள்.

பிரிண்ட்கே? தூங்காது, ஆனால் சீரியல் கன்சோல் 115200 பாடில் ஓடினால் நொடிக்குச் சுமார் 11,500 எழுத்துதான் போகும், 80 எழுத்து வரி ஒன்றுக்கு 7 மில்லி நொடி. ஹேண்ட்லருக்குள் அது ஒரு யுகம். ட்ரேஸ்_பிரிண்ட்கே பயன்படுத்துங்கள்.

சரி, மிச்ச வேலையை எங்கே செய்வது? டாஸ்க்லெட், வொர்க்யூ, த்ரெட் என்று ஏகப்பட்டது இருக்கிறதே?

புதிதாக எழுதுபவர்களுக்கு என் பதில்: த்ரெடட் இன்டரப்ட்டில் ஆரம்பியுங்கள். 2009-இல் 2.6.30 கெர்னலில் வந்த ரெக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ. இரண்டு ஃபங்ஷன் கொடுப்பீர்கள். முதலாவது வழக்கமான ஹேண்ட்லர், "என்னுடையதா?" என்று பார்த்து, டிவைஸை அடக்கிவிட்டு, ஐஆர்க்யூ_வேக்_த்ரெட் திருப்பும். இரண்டாவது ஒரு கெர்னல் த்ரெடில் ஓடும், அங்கே தாராளமாகத் தூங்கலாம். அந்த த்ரெட் ஃபைஃபோ ஷெட்யூலிங்கில் 50 என்ற முன்னுரிமையோடு ஓடுவதால் சாதாரண ப்ராசஸ்கள் அதைத் தள்ளிவைக்க முடியாது.

ஐ2சி டச் ஸ்க்ரீன் மாதிரி டிவைஸில் ஸ்டேட்டஸைப் படிப்பதே பஸ்ஸில் தூங்கும் வேலை, எனவே முதல் ஃபங்ஷனுக்கு நல் கொடுத்து த்ரெட் மட்டும் வைப்பீர்கள். அப்போது ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட் கட்டாயம், கெர்னலே அது இல்லாமல் பொதுவாக ஏற்காது. காரணம், டிவைஸை அடக்கும் வேலை த்ரெடில்தான் நடக்கப்போகிறது. அதுவரை லைன் திறந்திருந்தால், லெவல் இன்டரப்ட் மறுபடி மறுபடி வந்து த்ரெட் ஓடவே இடம் கொடுக்காது. ஒன்ஷாட் போட்டால் த்ரெட் முடியும்வரை லைன் மூடியிருக்கும்.

இன்டரப்ட்டோடு நேரடியாகச் சேராத நீண்ட வேலைக்கு வொர்க்யூ, அதாவது வேலையை வரிசையில் போட்டுவிட்டால் கெர்னல் த்ரெட் ஒன்று அப்புறம் அதை ஓட்டும். டாஸ்க்லெட்டைப் புதிய கோடில் எழுதாதீர்கள், அதை ஒழித்துக்கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது, 6.9 கெர்னலில் அதற்கு மாற்றாக சாஃப்ட்ஐஆர்க்யூ சூழலிலேயே (ஹேண்ட்லர் முடிந்ததும், தூங்க முடியாத நிலையில்) ஓடும் வொர்க்யூவும் வந்துவிட்டது. சாஃப்ட்ஐஆர்க்யூ மொத்தமே பத்து வகைதான், புதிதாகச் சேர்க்க உங்களை விடமாட்டார்கள்.

"ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்" என்று வந்து டிவைஸ் செத்துவிட்டது. என்ன இது?

அந்த லைனில் இன்டரப்ட் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் பதிவு செய்த ஹேண்ட்லர்கள் எல்லோரும் "என்னுடையது இல்லை" என்கிறார்கள். ஒரு லட்சம் இன்டரப்ட்டில் 99,900-க்கு மேல் இப்படிப் போனால் கெர்னல் லைனையே மூடிவிடும். அந்த லைனில் இருந்த மற்ற அப்பாவி டிவைஸ்களும் சேர்ந்து முடங்கும்.

பழைய பிசிஐயில் நான்கே இன்டரப்ட் பின்கள், பகிர்ந்துதான் ஆக வேண்டும். பகிர ஐஆர்க்யூஎஃப்_ஷேர்ட் கொடுங்கள், கூடவே உங்களை அடையாளம் காட்டும் பாயின்டர் ஒன்று வேண்டும், நல் கொடுக்க முடியாது. ஃப்ரீ செய்யும்போதும் அதே பாயின்டர்.

மெசேஜில் ஐஆர்க்யூபோல் ஆப்ஷனோடு பூட் செய்து பாருங்கள் என்று கெர்னலே சொல்லும். அது வண்டியை ஓட்டிக் கராஜுக்குக் கொண்டுபோக மட்டும். காரணத்தைத் தேடுங்கள்: டிவைஸை அடக்காத ஹேண்ட்லர், தவறான போலாரிட்டி (லைன் மேலே போனால் இன்டரப்ட்டா, கீழே போனால் இன்டரப்ட்டா என்பது), அல்லது டிரைவரே லோட் ஆகாத பக்கத்து டிவைஸ் லைனைப் பிடித்து வைத்திருப்பது.

இதிலிருந்து தப்பிக்க எப்போதும் ஐஆர்க்யூ_ஹேண்டில்ட் ("என்னுடையதுதான், கவனித்துவிட்டேன்") திருப்பும் டிரைவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கெர்னலின் பாதுகாப்பையே அணைத்துவிடுகிறீர்கள். அடுத்த முறை லைன் சிக்கிக்கொண்டால் எந்த மெசேஜும் இல்லாமல் ஒரு சிபியூ முழுதாகத் தொங்கும், தேடுவதற்கு ஒரு துப்பும் கிடைக்காது.

லெவல், எட்ஜ் என்ன வித்தியாசம்?

லெவல் என்பது பால் கொடுக்கும்வரை விடாமல் அழும் பிள்ளை, எட்ஜ் ஒரே ஒரு தடவை குரல் கொடுத்துவிட்டு அமைதியாகிவிடும் பிள்ளை. லெவலில் தப்பு செய்தால் இன்டரப்ட் புயல், உடனே தெரியும். எட்ஜில் தப்பு செய்தால் இன்டரப்ட் தொலையும், எப்போதாவதுதான் தெரியும். எட்ஜ் என்றால் ஸ்டேட்டஸ் காலியாகும்வரை லூப்பில் பாருங்கள், ஏனென்றால் லைன் கீழே இறங்காமல் மறுபடி ஏற முடியாது. டிவைஸ் ட்ரீயில் வகையை எழுதியிருந்தால் டிரைவரில் மறுபடி எழுதாதீர்கள், இரண்டும் முரண்படும் நாள் வரும்.

எந்த லாக்?

ஹேண்ட்லரும் சாதாரண ப்ராசஸ் கோடும் ஒரே டேட்டாவைத் தொட்டால், ப்ராசஸ் பக்கம் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ், அது லாக்கோடு அந்த சிபியூவில் இன்டரப்ட்களையும் மூடும். வெறும் ஸ்பின்_லாக் எடுத்தால், லாக்கைப் பிடித்திருக்கும்போது அதே சிபியூவில் இன்டரப்ட் வரும், ஹேண்ட்லர் அதே லாக்குக்குச் சுழலும், லாக்கைப் பிடித்தவர் ஹேண்ட்லர் முடிந்தால்தான் ஓடமுடியும், ஹேண்ட்லரோ லாக் கிடைத்தால்தான் முடியும். அவ்வளவுதான், மெஷின் நின்றது. ஹேண்ட்லருக்குள் சாதாரண ஸ்பின்_லாக் போதும்.

டேட்டாவைத் தொடுவது த்ரெடட் ஹேண்ட்லர் மட்டும் என்றால் மியூட்டெக்ஸே போதும், அது பெரிய நிம்மதி. லாக்டெப் எனும் சோதனையை ஆன் செய்து வையுங்கள், டெட்லாக் உண்மையில் நடக்காமலே, நடக்க வாய்ப்பிருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

எம்எஸ்ஐ என்றால் என்ன, மாற வேண்டுமா?

மாறுங்கள். தனி லைன் எதுவும் இல்லாமல், டிவைஸ் ஒரு குறிப்பிட்ட மெமரி முகவரிக்கு எழுதுவதே இன்டரப்ட். பகிர்தல் தொல்லை இல்லை, டேட்டாவை மெமரியில் எழுதிய பிறகு டிவைஸ் அதே பாதையில் இன்டரப்ட்டை அனுப்புவதால் இன்டரப்ட் டேட்டாவை முந்துவதும் இல்லை. எம்எஸ்ஐயில் 32 வரை, எம்எஸ்ஐ-எக்ஸில் 2048 வரை. என்விஎம்இ டிஸ்க்குகள் சிபியூவுக்கு ஒரு க்யூ, க்யூவுக்கு ஒரு இன்டரப்ட் என்று ஓடுவது இதனால்தான். ஒரு பொறி: அது மெமரி எழுத்து என்பதால் பிசிஐ_செட்_மாஸ்டர் அழைக்காமல் விட்டால் ஒரு இன்டரப்ட்டும் வராது, எரரும் வராது.

நெட்வொர்க் டிரைவரில் பாக்கெட்டுக்கு ஒரு இன்டரப்ட் எடுத்தால்?

கணக்குப் போடுங்கள். ஒரு ஜிகாபிட் ஈதர்நெட்டில் மிகச் சிறிய ஃப்ரேம்கள் நிரம்பி வந்தால் நொடிக்கு 14,88,095. ஒவ்வொன்றுக்கும் 672 நானோ நொடிதான். 10 ஜிகாபிட் என்றால் அதுவும் பத்தில் ஒன்று. சிபியூ முழுக்க இன்டரப்ட்டுக்குள் நுழைந்து வெளியேறுவதிலேயே போய், வாங்கிய பாக்கெட்டை ப்ராசஸிடம் கொடுக்க நேரமே இருக்காது.

இதற்குத்தான் நேப்பி. முதல் பாக்கெட்டுக்கு இன்டரப்ட் வரும், ஹேண்ட்லர் டிவைஸில் ரிசீவ் இன்டரப்ட்டை மூடிவிட்டு நேப்பி_ஷெட்யூல் அழைக்கும், அப்புறம் கெர்னல் உங்கள் போல் ஃபங்ஷனை ஒரு தடவைக்கு 64 பாக்கெட் என்ற பட்ஜெட்டோடு கூப்பிடும். பட்ஜெட்டைவிடக் குறைவாகக் கிடைத்தால் மட்டும் நேப்பி_கம்ப்ளீட்_டன் அழைத்து இன்டரப்ட்டைத் திறங்கள். பட்ஜெட் முழுவதும் தீர்ந்தால் திறக்கக்கூடாது, 64-ஐத் திருப்பிவிட்டுப் போய்விடுங்கள், மறுபடி கூப்பிடுவார்கள். கடைசியாக ரிங்கை (பாக்கெட்கள் வந்து விழும் பஃபர் வரிசை) பார்த்ததற்கும் இன்டரப்ட்டைத் திறந்ததற்கும் நடுவில் வந்த பாக்கெட்டுக்குச் சில டிவைஸ்கள் இன்டரப்ட் தராது. அந்த வகையானால் திறந்த பிறகு ரிங்கை இன்னொரு முறை பாருங்கள்.

மாட்யூலை எடுக்கும்போது கெர்னல் கிராஷ் ஆகிறது.

ப்ரோபின் வரிசையைத் தலைகீழாகச் செய்யவில்லை என்று அர்த்தம். டிவைஸில் இன்டரப்ட்டை மூடுங்கள், ஃப்ரீ_ஐஆர்க்யூ அழையுங்கள் (வேறு சிபியூவில் ஓடும் ஹேண்ட்லர் முடியும்வரை அது காத்திருக்கும்), பிறகு கேன்சல்_வொர்க்_சிங்க், எல்லாம் அடங்கிய பிறகு மெமரி. வொர்க்கை முதலில் கேன்சல் செய்தால் உயிரோடு இருக்கும் ஹேண்ட்லர் மறுபடி அதை வரிசையில் போட்டுவிடும்.

டிரைவர் போகும்போது கெர்னலே தானாக விடுவிக்கும் டெவ்எம் வகை ரெக்வெஸ்ட்டில் இதுதான் ஆபத்து. அது ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் இன்டரப்ட்டை விடுவிக்கிறது. ரிமூவுக்குள் நீங்கள் கையால் பஃபரை ஃப்ரீ செய்தால், நடுவில் வரும் இன்டரப்ட் செத்த மெமரியைத் தொடும். எல்லாவற்றையும் டெவ்எம் ஆக்குங்கள், அல்லது இன்டரப்ட்டைக் கையால் விடுங்கள், பாதி பாதி வேண்டாம். டீபக்_எஸ்ஹெச்ஐஆர்க்யூ ஆப்ஷன், பகிர்ந்த இன்டரப்ட்டை ஃப்ரீ செய்யும்போது வேண்டுமென்றே ஹேண்ட்லரை ஒரு முறை கூப்பிட்டுப் பார்க்கும், இந்த ரகப் பிழைகள் அதில் மாட்டும். டிசேபிள்_ஐஆர்க்யூவை அதே இன்டரப்ட்டின் ஹேண்ட்லருக்குள் அழைக்காதீர்கள், தானே முடியத் தானே காத்திருக்கும். அங்கே காத்திருக்காத நோசிங்க் வகைதான்.

ரியல் டைம் கெர்னலில் என் டிரைவர் ஓடுமா?

ப்ரீஎம்ப்ட் ஆர்டி 2024-இல் 6.12-இல் மெயின்லைனுக்கு வந்துவிட்டது. அதில் ஏறக்குறைய எல்லா ஹேண்ட்லர்களும் கட்டாயமாக த்ரெடில் ஓடும், ஸ்பின்லாக்குகள் தூங்கும். மேலே சொன்னபடி எழுதியிருந்தால் அனேகமாக ஓடும். சாதாரண கெர்னலிலேயே த்ரெட்ஐஆர்க்யூஸ் என்ற பூட் ஆப்ஷன் கொடுத்து முன்னோட்டம் பார்க்கலாம்.

இன்டரப்ட் வரவே இல்லை. எங்கே தேடுவது?

/ப்ராக்/இன்டரப்ட்ஸ் ஃபைலைத் திறந்து உங்கள் பெயருள்ள வரியைப் பாருங்கள். வரியே இல்லையென்றால் ரெக்வெஸ்ட் நடக்கவில்லை. எண்ணிக்கை பூஜ்யம் என்றால் டிவைஸின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை நேரடியாகப் படியுங்கள். அங்கே பிட் நிற்கிறது என்றால் பிரச்சினை வழியில்: எனேபிள் ரெஜிஸ்டர், பஸ் மாஸ்டர், பின் செட்டிங், போலாரிட்டி. பிட்டே இல்லையென்றால் டிவைஸுக்கு வேலையே போய்ச் சேரவில்லை. எண்ணிக்கை ஏறுகிறது ஆனால் டேட்டா இல்லை என்றால் ஐஆர்க்யூ_ஹேண்ட்லர்_என்ட்ரி, எக்ஸிட் ட்ரேஸ்களை ஆன் செய்யுங்கள், ஹேண்ட்லர் என்ன திருப்புகிறது என்றே காட்டும்.

கையில் ஹார்ட்வேர் இல்லை, எதை வைத்துப் பழகுவது?

க்யூஎமுவில் "எடு" என்றொரு பிசிஐ டிவைஸ் இருக்கிறது, செக் நாட்டின் மாசரிக் பல்கலைக்கழகத்தில் லினக்ஸ் கெர்னல் வகுப்புக்காக உருவானது. மைனஸ் டிவைஸ் எடு என்று கொடுத்தால் போதும். ஒரு எண்ணை எழுதினால் ஃபேக்டோரியல் கணக்கிட்டு, கேட்டால் முடிந்ததும் இன்டரப்ட் தரும். ஹெக்ஸ் 24-இல் இன்டரப்ட் ஸ்டேட்டஸ், 60-இல் எழுதினால் நீங்களே இன்டரப்ட் எழுப்பலாம், 64-இல் எழுதினால் அடங்கும். பழைய பிசிஐ பின்னில் வரும் இன்டரப்ட், எம்எஸ்ஐ இரண்டும் வேலை செய்யும். முதலில் அந்தப் பழைய வகை இன்டரப்ட்டில், 64-இல் எழுதும் வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டு, ஸ்டேட்டஸைப் பார்க்காமல் ஐஆர்க்யூ_நன் திருப்பும் ஹேண்ட்லரோடு ஒரு முறை ஓட்டுங்கள். நோபடி கேர்ட் மெசேஜ் சில நொடிகளில் உங்கள் திரையிலேயே வரும், /ப்ராக்/இன்டரப்ட்ஸில் எண்ணிக்கை ஒரு லட்சத்தை ஒட்டி நின்றிருக்கும்.